ஒரு மணி நேர மௌனம்: குவேக்கர்களின் நம்பிக்கையும் ஆராதனையும்

1670 செப்டம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் இரண்டு பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒருவர் வில்லியம் பென், கடற்படைத் தளபதியின் மகன், வயது 25. இன்னொருவர் துணி வியாபாரி வில்லியம் மீட். உள்ளே வரும்போது யாரோ ஓர் ஊழியர் அவர்களுடைய தொப்பியைக் கழற்றியிருந்தார். அதைப் பார்த்த லண்டன் மேயர், தொப்பியைத் திரும்ப அவர்கள் தலையில் வைக்கச் சொன்னார். வைத்த கையோடு, நீதிமன்றத்தில் தொப்பியைக் கழற்றாமல் அவமதித்ததாகச் சொல்லி ஆளுக்கு 40 மார்க் (அன்றைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) அபராதம் போட்டார்கள்.

மேயர் செய்தது வேண்டுமென்றே. இருவரும் குவேக்கர்கள், அன்றைய இங்கிலாந்தில் புதிதாகத் தோன்றியிருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். குவேக்கர்கள் எந்த மனிதருக்காகவும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரியும். ஜெபிக்கும்போது கழற்றுவார்கள், கடவுளுக்குச் செய்கிற மரியாதையை நீதிபதிக்கும் பிரபுவுக்கும் செய்ய மாட்டோம் என்றார்கள். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள ஒருவர் மறுத்தால் நம் ஊர்களில் ஒரு காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால், ஒரு தொப்பிக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்பது புரிந்துவிடும்.

வழக்கு என்னவோ தொப்பியைப் பற்றியது இல்லை. கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த அவர்களுடைய ஆராதனைக் கூடத்துக்குள் யாரும் நுழைய முடியாதபடி படைவீரர்கள் அடைத்துவிட்டார்கள். பென் தெருவிலேயே நின்று பேசினார். கலகக் கூட்டம் கூட்டியதாகக் குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த குடிமக்களான ஜூரிகளோ, அவர் தெருவில் பேசினார் என்பது உண்மை, அதற்கு மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்களை இரண்டு இரவு சாப்பாடு, தண்ணீர், குளிருக்கு நெருப்பு எதுவும் கொடுக்காமல் அடைத்து வைத்தார்கள். அப்போதும் தீர்ப்பை மாற்றவில்லை. அவர்களுக்கும் அபராதம். அதைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன எட்வர்ட் புஷெல் என்ற ஜூரியின் வழக்கில்தான், ஒரு ஜூரியை அவர் சொன்ன தீர்ப்புக்காகத் தண்டிக்கக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தில் நிலைத்தது.

தொப்பி, தெருவில் நின்று பேசுவது, சிறை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருக்கிறது. கடவுள் ஒவ்வொரு மனிதரோடும் நேரடியாகப் பேசுகிறார். அதைக் கேட்பதற்கு இடையில் ஆள் தேவையில்லை. சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதைச் சொன்னவர்கள், பாதிரியார் எதற்கு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் எதற்கு, பட்டம் எதற்கு, பெண் ஏன் பிரசங்கிக்கக் கூடாது என்று வரிசையாகக் கேட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் சிறையில் விலை கொடுத்தார்கள்.

இந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த ஜார்ஜ் ஃபாக்ஸ் 1624-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்தவர். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகினார். 1643-இல் வீட்டை விட்டுக் கிளம்பி, தன் மனத்தின் தவிப்புக்கு வழி சொல்லக்கூடியவரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். உள்நாட்டுப் போரில் நாடு கிழிந்து கிடந்த காலம் அது. அரசரும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்டிருந்தார்கள். திருச்சபைக்குள்ளும் ஆயிரம் பிரிவுகள். பாதிரிமார் பலரிடம் போனார். ஒருவரும் உதவவில்லை. எல்லா மனிதர்கள் மேலும் நம்பிக்கை போன பிறகு, 1647-இல், தனக்குள் ஒரு குரல் கேட்டதாக அவர் எழுதிவைத்திருக்கிறார்: கிறிஸ்து இயேசு ஒருவர் இருக்கிறார், உன் நிலைமையை அறிந்து உன்னோடு பேசக்கூடியவர் அவரே.

ஐந்து வருடம் கழித்து, 1652-இல், வடக்கு இங்கிலாந்தில் இது ஓர் இயக்கமாகப் பற்றிக்கொண்டது. ஃபர்பேங்க் ஃபெல் என்ற மலைச்சரிவில் ஒரு பாறைமேல் நின்று ஃபாக்ஸ் பேசியதை ஏறத்தாழ ஆயிரம் பேர் கேட்டார்கள். அதே கோடையில் அல்வர்ஸ்டன் ஊர்த் தேவாலயத்தில் அவர் கேட்ட கேள்வியை இன்றும் குவேக்கர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்கள். கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர்கள் அப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள்; சரி, நீ என்ன சொல்கிறாய்? கேட்டுக்கொண்டிருந்த மார்கரெட் ஃபெல் அழுதுவிட்டார். நாமெல்லாரும் திருடர்கள், வேதத்தை வார்த்தையாக எடுத்துக்கொண்டோமே தவிர நமக்குள் அதை அறியவில்லை என்று அப்போது தனக்குத் தோன்றியதை அவர் பின்னால் எழுதினார். நீதிபதி ஒருவரின் மனைவியான அவருடைய ஸ்வார்த்மூர் மாளிகைதான் இயக்கத்தின் தலைமையிடமாக ஆனது. கணவர் இறந்து பதினோரு ஆண்டு கழித்து, 1669-இல், ஃபாக்ஸை மணந்தார். பெண்கள் சபையில் பேசுவது வேதத்துக்கு ஒத்ததுதான் என்று வாதாடும் அவருடைய சிறுநூல் 1666-இல் வெளியானபோது அவர் சிறையில் இருந்தார்.

குவேக்கர் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இல்லை. 1650-இல் டெர்பி நகரில் ஃபாக்ஸை விசாரித்த நீதிபதியிடம், கர்த்தருடைய வார்த்தைக்கு நடுங்கு என்று ஃபாக்ஸ் சொல்ல, அந்த நீதிபதி கேலியாக 'நடுங்கிகள்', ஆங்கிலத்தில் குவேக்கர்ஸ், என்று வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தங்களை நண்பர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம்மவர்களைச் சிநேகிதர் என்று அழைக்கிற இடத்திலிருந்து எடுத்த பெயர் அது. அதே சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வரும் "உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி" என்ற வசனம்தான் அவர்களுடைய நம்பிக்கைக்கு அஸ்திவாரம். எந்த மனுஷனையும் என்றால் எந்த மனுஷனையும்தான். கிறிஸ்தவன் மட்டும் என்று அங்கே இல்லை. ஆணா பெண்ணா, ஆண்டையா அடிமையா என்றும் இல்லை. 1656-இல் லான்ஸ்டன் சிறையிலிருந்து எழுதிய மடலில் ஃபாக்ஸ், ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிற கடவுளுக்குரியதற்குப் பதில் கொடுத்தபடி உலகத்தில் மகிழ்ச்சியாக நடந்து போங்கள் என்றார்.

இங்கிருந்துதான் அவர்களுடைய விசித்திரங்கள் எல்லாம் கிளம்புகின்றன. அன்றைய ஆங்கிலத்தில் பெரிய மனிதரை 'நீங்கள்' என்றும் எளியவரை 'நீ' என்றும் அழைப்பார்கள். குவேக்கர்கள் எல்லோரையும் 'நீ' என்றார்கள், நீதிபதியையும்கூட. கிழமைகளும் மாதங்களும் வேற்றுத் தெய்வங்களின் பெயரில் இருப்பதால் முதல் நாள், இரண்டாம் மாதம் என்று எண் சொல்லியே குறித்தார்கள். சத்தியம் செய்ய மறுத்தார்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று இயேசு சொன்ன பிறகு, நீதிமன்றத்துக்கு ஓர் உண்மை, வெளியே ஓர் உண்மை என்று இருக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அரச விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னாலே போதும், மறுப்பார்கள், சிறையில் தள்ளிவிடலாம். கடைசியில் 1696-இல், ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி சொன்னால் போதும் என்று அவர்களுக்காக ஆங்கிலேயச் சட்டம் வழி விட்டது. இன்று தமிழ்நாட்டுப் பதவியேற்பு மேடையில் ஒருவர் கடவுள் மீது ஆணையிடுவதை விட்டு "உளமார உறுதி கூறுகிறேன்" என்கிறாரே, ஆங்கிலேயச் சட்ட மரபில் அந்த இரண்டாவது வழி முதலில் திறந்தது இவர்கள் பிடிவாதத்தால்தான்.

துன்புறுத்தல் 1660-க்குப் பிறகு உச்சத்துக்குப் போனது. குவேக்கர்களைக் குறிவைத்து 1662-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுத் திருச்சபைக்கு வெளியே ஐந்து பேருக்கு மேல் ஆராதனைக்குக் கூடக் கூடாது என்று 1664-இல் இன்னொன்று. நூற்றுக்கணக்கானோர் சிறையிலேயே இறந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டது. அவர்களில் ஒருவர் மேரி டயர், 1660 ஜூன் 1 அன்று. மற்ற பிரிவினர் ரகசியமாகக் கூடினார்கள். குவேக்கர்களோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கூடினார்கள். 1682-இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் எல்லாரும் சிறையில் இருந்தபோது பிள்ளைகளே வந்து உட்கார்ந்து ஆராதனையை விடாமல் நடத்தினார்கள்.

பிள்ளைகள் நடத்த முடிந்ததற்குக் காரணம், அந்த ஆராதனையில் நடத்துவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான். பீடம் கிடையாது, சிலுவை கிடையாது, பாமாலை கிடையாது. பிரசங்கம் செய்ய ஆள் கிடையாது. ஞானஸ்நானமும் திருவிருந்தும்கூடக் கிடையாது. வாழ்க்கை முழுவதுமே புனிதம்தான், அதில் சில சடங்குகளை மட்டும் தனியாகப் பிரித்துப் புனிதம் என்று சொல்வானேன் என்பது அவர்கள் நினைப்பு.

இன்றைக்கு பிரிட்டனில் ஒரு கூடுகைக்குப் போனால், நாற்காலிகளோ பெஞ்சுகளோ வட்டமாக அல்லது சதுரமாகப் போட்டிருக்கும். நடுவில் ஒரு மேசை, அதில் பெரும்பாலும் கொஞ்சம் பூ, ஒரு பைபிள், அவர்களுடைய ஒழுங்குப் புத்தகம். மணி அடித்துத் தொடங்குவதில்லை. முதல் ஆள் வந்து அமைதியாக உட்கார்ந்ததும் ஆராதனை தொடங்கிவிட்டது என்று கணக்கு. அப்புறம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பத்து பேர் இருக்கலாம், நூறு பேர் இருக்கலாம். ஒருவரும் பேசாமலே முழு நேரமும் கழியலாம். அப்படிக் கழிந்தால் ஆராதனை நடக்கவில்லை என்று யாரும் நினைப்பதில்லை.

இதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் சரி. தியானத்துக்குத் தனி அறையே போதும். குவேக்கர்கள் கூடித்தான் உட்காருகிறார்கள், கூடிக் காத்திருக்கிறார்கள். முதல் பதினைந்து இருபது நிமிடம் மனம் வீட்டுக் கவலை, அலுவலகக் கவலை என்று ஓடுவது எல்லாருக்கும் சகஜம். அதற்குப் பிறகு சில நாட்களில் அறை முழுவதும் ஒரே சமயத்தில் ஆழத்துக்கு இறங்கியதுபோல் ஆகிறது என்றும், அது தனியாக உட்கார்ந்தால் வருவதில்லை என்றும் வருடக்கணக்காகப் போகிறவர்கள் சொல்கிறார்கள்.

யாருக்காவது பேச வேண்டும் என்று உந்துதல் வந்தால் எழுந்து நின்று பேசலாம். ஆண், பெண், உறுப்பினர், முதல் தடவை வந்தவர், யாராக இருந்தாலும் சரி. ஆனால் அதற்குமுன் தனக்குள் சில கேள்விகள் கேட்டுக்கொள்ளப் பழக்குகிறார்கள். இது எங்கிருந்து வருகிறது, என் கெட்டிக்காரத்தனத்திலிருந்தா? இது எனக்கு மட்டும் சொல்லப்பட்டதா, எல்லாருக்குமா? இன்றைக்கே சொல்ல வேண்டியதா? எல்லாவற்றையும் தாண்டியும் உட்கார முடியாமல் போனால்தான் எழுந்திருப்பது. இதயம் படபடக்கும், கால் நடுங்கும் என்று பலர் விவரிக்கிறார்கள். பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, மறுத்துப் பேசுவதும் இல்லை. சொன்னது மௌனத்துக்குள் இறங்குவதற்கு நேரம் விட்டுத்தான் அடுத்தவர் எழுந்திருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு தடவை பேசுவது வழக்கமில்லை. அடிக்கடி பேசாதே, எதிர்பார்த்தபடியே பேசாதே, கூடுகை நன்றாக முடியப்போகும்போது கடைசியில் ஒன்றைச் சேர்க்காதே என்று பிரிட்டன் குவேக்கர்களின் அறிவுரைத் தொகுப்பு எச்சரிக்கிறது. அதே தொகுப்பு, பேசுவது உன் பங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதே என்றும் சொல்கிறது. கூடுகையைக் கவனித்துக்கொள்ளும் மூப்பர்கள் இருவர் கைகுலுக்கினால் ஆராதனை முடிந்தது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்குவார்கள். அறிவிப்புகள், பிறகு டீ.

கல்யாணமும் இதே மௌனத்துக்குள்தான். ஜோடி தாங்களாகவே எழுந்து நின்று ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். மணமுடித்து வைக்க யாரும் இல்லை. மணமுடிப்பது கர்த்தருடைய வேலை, நாங்கள் சாட்சிகள் மட்டுமே என்றார் ஃபாக்ஸ். அதனால் வந்திருக்கிற அத்தனை பேரும், குழந்தைகள் உட்பட, திருமணச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சரி, ஒவ்வொருவருக்குள்ளும் கடவுள் பேசுகிறார் என்றால், எனக்குக் கேட்டது கடவுளின் குரலா, என் ஆசையின் குரலா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி குவேக்கர்களின் தலையில் இடியாக விழுந்தது 1656-இல். ஃபாக்ஸுக்கு இணையாகச் செல்வாக்கு பெற்றிருந்த ஜேம்ஸ் நெய்லர், அக்டோபர் மழையில் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். கூட வந்தவர்கள் "பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பாடினார்கள். இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததைப் போலவே. கிறிஸ்து எல்லாருக்குள்ளும் வருகிறார் என்பதற்கு இது ஓர் அடையாளம் மட்டுமே என்றார் நெய்லர். நாடாளுமன்றம் தேவதூஷணம் என்றது. சாட்டையடி கொடுத்து, நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்து, நெற்றியில் சூடு போட்டுச் சிறையில் அடைத்தார்கள்.

தண்டனை கொடூரமானது. ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்கு ஃபாக்ஸும் ஃபெல்லும் கண்ட பதில்தான் குவேக்கர் மார்க்கத்தின் மறுபாதி என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொருவராலும் கேட்க முடியும். ஆனால் கேட்டதைத் தனியாக நம்பி இறங்கக் கூடாது, கூடியிருப்பவர்கள் முன் வைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் மாதக் கூடுகை, காலாண்டுக் கூடுகை, ஆண்டுக் கூடுகை என்று ஓர் அமைப்பு உருவானது. சில பெயர்கள் மாறினாலும் இன்றும் ஏறத்தாழ அதே அமைப்புதான். ஆளைக் கவர்வது என்னவோ ஞாயிறு மௌனம்தான். என்றாலும் குவேக்கர்களைப் புரிந்துகொள்ள நான் சிபாரிசு செய்வது அவர்களுடைய நிர்வாகக் கூட்டத்தை.

கூரை ஒழுகுகிறது, சரிசெய்யப் பணம் ஒதுக்குவதா என்பது பொருளாக இருக்கட்டும். கூட்டம் மௌனத்தில் தொடங்குகிறது. மேசைக்குப் பின்னால் கிளார்க் என்று அழைக்கப்படுகிற ஒருவர். அவர் தலைவர் இல்லை. தன் கருத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. பேச விரும்புகிறவர் எழுந்து நிற்க, கிளார்க் அழைத்ததும் பேசுகிறார், உட்காருகிறார், ஒரு சிறு இடைவெளி, பிறகு அடுத்தவர். கைதட்டல் கிடையாது, குறுக்கே பேசுவது கிடையாது. முன்னால் பேசியவருக்குப் பதிலடி கொடுப்பது அழகில்லை. ஓட்டெடுப்பு கிடையவே கிடையாது. கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை உணர்ந்து, கிளார்க் அங்கேயே, எல்லோரும் காத்திருக்க, தீர்மானத்தை எழுதி வாசிக்கிறார். வார்த்தை சரியில்லை என்றால் அப்போதே திருத்துகிறார்கள். இது ஏற்புடையதா என்று கேட்டால், பிரிட்டனில் உள்ளவர்கள் "அப்படியே நம்புகிறோம்" என்று முணுமுணுக்கிறார்கள். கடவுளின் சித்தம் இது என்று அடித்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை, நம்பிக்கைதான் உண்டு என்று பொருள். ஒருவருக்கு ஒப்பவில்லை, ஆனால் தடுக்கவும் மனமில்லை என்றால் ஒதுங்கி நிற்கலாம். மனசாட்சிப்படி இது தவறு என்று ஒருவர் உறுதியாக நின்றால், முடிவைப் பல சமயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். சிக்கலான விஷயத்துக்கு, முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கதிரடிக் கூட்டம் என்று ஒன்றை வைத்து, பேச வேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். ஒருபால் திருமணத்தைத் தங்கள் ஆராதனையில் நடத்துவது என்ற முடிவுக்கு பிரிட்டன் குவேக்கர்கள் 2009-இல் யார்க் நகரில் கூடி வந்தது இந்த முறையில்தான். நாட்டின் சட்டம் அதை அனுமதித்தது அதற்குப் பிறகுதான்.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. எல்லாரும் ஒத்துப்போகும் வரை காத்திருப்பது என்றால், அதுவரை அநியாயம் தொடரும். அமெரிக்கக் குவேக்கர்களின் அடிமை வரலாறு இதற்குச் சாட்சி. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தார். 1688-இல் ஃபிலடெல்ஃபியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நான்கு பேர், மனிதரை விலைக்கு வாங்குவது தவறு என்று மனு எழுதினார்கள். மாதக் கூடுகை, இது பெரிய விஷயம் என்று காலாண்டுக் கூடுகைக்கு அனுப்பியது. அவர்கள் ஆண்டுக் கூடுகைக்கு அனுப்பினார்கள். அங்கே அது அப்படியே நின்றது.

ஐம்பது வருடம் கழித்து, 1738-இல், நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூடுகைக்கு பெஞ்சமின் லே வந்தார். நான்கடி உயரம், முதுகு கூன், வெள்ளைத் தாடி. மேலங்கிக்குள் ராணுவ உடை, வாள். ஒரு புத்தகத்தின் உள்பக்கங்களைக் குடைந்து, சிவப்புச் சாறு நிரப்பிய தோல்பையை வைத்திருந்தார். அடிமைகளை வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று முழங்கி வாளால் புத்தகத்தைக் குத்த, பக்கத்தில் இருந்தவர்கள் மேல் சாறு தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். அதே வருடம் குவேக்கர் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். லே அபிங்டனில் ஒரு குகையில் வாழ்ந்தார். தன் துணியைத் தானே நெய்துகொண்டு, அடிமை உழைப்பில் விளைந்த எதையும் தொடாமல்.

ஜான் வுல்மன் வேறு ரகம். நியூ ஜெர்சியில் தையற்காரர். இளைஞராக இருந்தபோது முதலாளி ஓர் அடிமைப் பெண்ணை விற்றதற்குப் பத்திரம் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தார். அந்த உறுத்தல் ஆயுள் முழுக்க விடவில்லை. ஊர் ஊராக நடந்து, அடிமைகளை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் தங்கி, தனியாக உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். கிளம்பும்போது தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போவார். விருந்தோம்பிய வீட்டுக்காரர்களுக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும். சாயத் தொழிலின் அழுக்கும் வீண் பகட்டும் வேண்டாம் என்று சாயம் போடாத உடையே உடுத்தினார். 1758-இல் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூடுகை ஒரு வழியாக, அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் நிர்வாகத்திலிருந்து ஒதுக்கி, வைத்திருப்பவர்களிடம் நேரில் போய்ப் பேசக் குழு அமைத்தது. செய்தி கேட்ட லே, இனி நிம்மதியாகச் சாவேன் என்றாராம். அடுத்த வருடமே இறந்தார். அடிமைகளை விடுதலை செய்யாதவர்களை நீக்குவது என்ற முடிவு வந்தது 1776-இல். ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து 88 வருடம்.

குவேக்கர்கள் இந்தக் கதையில் வுல்மனைத்தான் அதிகம் கொண்டாடுகிறார்கள். அவருடைய மென்மை அவர்கள் முறைக்கு ஒத்துப்போகிறது. எனக்கோ லேயை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல மனம் வரவில்லை. கூடியிருப்பவர்களும் சேர்ந்தே காதை மூடிக்கொள்ள முடியும் என்பதை அவர்தான் காட்டினார். 1776-க்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியா ஆராதனைக் கூடத்தில் கறுப்பினத்தவர் உட்காருவதற்கென்று தனி பெஞ்சு இருந்தது. அங்கே தன் தாயோடு உட்கார்ந்த சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற ஆசிரியை, அந்த அவமானத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் 1787-இல் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புக்காகக் கூடிய குழுவின் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குவேக்கர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சமாதானக் கொள்கை. போரையும் ஆயுதத்தையும் முழுவதுமாக மறுக்கிறோம் என்ற அறிக்கையை 1661 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ் அரசரிடம் கொடுத்தார்கள். ஒருவருக்குள் கடவுளின் ஒளி இருக்கிறது என்று நம்பிவிட்டு அவரைச் சுட முடியாது என்பது இதன் தர்க்கம். முதல் உலகப்போரில் ஆயுதம் எடுக்க மறுத்துச் சிறை சென்றவர்கள் உண்டு, ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் உண்டு; படையில் சேரும் வயதிலிருந்த பிரிட்டன் குவேக்கர் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினர் படையில் சேரவும் செய்தார்கள். இங்கே யாரையும் கொள்கை கட்டாயப்படுத்துவதில்லை. போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் இரு தரப்புக்கும் செய்த நிவாரணப் பணிக்காக 1947-இல் பிரிட்டன், அமெரிக்கக் குவேக்கர் அமைப்புகள் இரண்டுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அமெரிக்கர்கள் சார்பில் வாங்கப் போன ஹென்றி கேட்பரி, நிவாரணத்துக்காகச் சேகரித்த பழைய துணிகளிலிருந்து ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

கேட்பரி என்ற பெயர் தெரிந்த பெயர்தான். பல்கலைக்கழகமும் அரசுப் பதவியும் மூடியிருந்ததால் குவேக்கர்கள் வியாபாரத்துக்குப் போனார்கள். பேரம் பேசாமல் ஒரே விலை சொல்வார்கள் என்பதால் நம்பிக்கை வந்தது. பர்மிங்காமில் கேட்பரி, யார்க்கில் ரவுன்ட்ரீ, பிரிஸ்டலில் ஃப்ரை என்று சாக்லேட் கம்பெனிகளும், பார்க்ளேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும் இவர்கள் குடும்பங்களிலிருந்து வந்தவை. இதே கேட்பரி கம்பெனி, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சாவோ டோமே தீவில் அடிமை உழைப்பு நடப்பது 1901-இலேயே காதில் விழுந்தும் அங்கிருந்து கொக்கோ வாங்குவதை 1909 வரை நிறுத்தவில்லை. மெதுவாக நகர்வதன் விலை மறுபடியும்.

19-ஆம் நூற்றாண்டில் உள்ஒளி முக்கியமா, வேதம் முக்கியமா என்ற சண்டையில் அமெரிக்கக் குவேக்கர்கள் 1827 தொடங்கிப் பலமுறை பிரிந்தார்கள். அதன் விளைவு இன்று வரை இருக்கிறது. மேலே விவரித்த மௌன ஆராதனை உலகக் குவேக்கர்களில் சிறுபான்மையினருடையதுதான். சுமார் 4 லட்சம் பேரில் அதிகமானோர் வாழும் நாடு கென்யா. 1902-இல் கைமோசியில் மூன்று அமெரிக்கர்கள் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. அங்கே போதகர் உண்டு, பிரசங்கம் உண்டு, பாட்டு நிறையவே உண்டு. பிரிட்டனில் உறுப்பினர்கள் பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. இந்தியாவில் 1866-இல் ரேச்சல் மெட்காஃப் வந்ததிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத், பின்னர் புந்தேல்கண்ட் பகுதிகளில் சிறு கூடுகைகள் வளர்ந்தன. தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர் மார்ஜரி சைக்ஸ். 1928-இல் சென்னை வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர் குவேக்கரானார்; தாகூரிடமும் காந்தியின் சேவாகிராமத்திலும் வேலை செய்தார்; பின்னாளில் கோத்தகிரியில் தங்கிச் சாந்தி சேனை என்ற காந்திய வழி அமைதித் தொண்டர் படைக்கு இளைஞர்களைப் பயிற்றுவித்தார். கேரளத்தில் மலிவான, அழகான செங்கல் வீடுகள் கட்டிய லாரி பேக்கரும் குவேக்கரே.

பிரிட்டனில் இப்போது இருக்கிற பெரிய கேள்வி வேறு. தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளாத, கடவுள் என்ற சொல்லே ஒப்பாத பலர் அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விசுவாசப் பிரமாணம் என்று ஒன்று இல்லாததால் அவர்களை வெளியே அனுப்ப வழியும் இல்லை, அனுப்ப விருப்பமும் இல்லை. ஆனால் கடவுளின் சித்தத்தைத் தேடுகிறோம் என்று சொல்லி நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில், தேடுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்றே நம்பாதவர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்? ஒருவருக்கொருவர் உண்மையாகக் காது கொடுப்பதே போதும் என்பார்கள் சிலர். அது போதாது, அப்படியென்றால் வெறும் நல்ல கூட்ட ஒழுங்காகச் சுருங்கிவிடும் என்பார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவது பக்கத்தில்தான் நியாயம் தெரிகிறது. மரண தண்டனை காத்திருக்கிறது என்று தெரிந்தே மேரி டயர் பாஸ்டனுக்குத் திரும்பிப் போனது ஒரு நல்ல கூட்ட ஒழுங்குக்காக இல்லை.

சேர விரும்புகிறவர் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள். என்ன நம்புகிறீர்கள் என்று பட்டியல் போட்டுக் கேட்பதில்லை. எப்படி இங்கே வந்து சேர்ந்தீர்கள், எது தயக்கமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வாசித்து, அதே மௌனத்தில் முடிவு செய்கிறார்கள். கடிதம் எழுதாமலேயே முப்பது நாற்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுந்து நின்று பேச அதே உரிமை உண்டு.